அவள் எனக்கு யார்?

பகடை, தாள், எழுதுகோல் ஆகியவற்றைக் கொண்டு, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதையாட்டம் ஒன்று உண்டு. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் இன்ன இடத்தில் இன்னது செய்யும் என்று கூறுவர். எண்ணியது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’, 1974ஆம் ஆண்டில் வெளிவந்து இவ்வகை ஆட்டத்திற்கு வித்திட்டது.

புனே நகரில் ஒரே குடியிருப்பில் வாழும் நாம் நான்கு குடும்பத்தார், ஞாயிறு மாலைகளில் இதனை ஆடி வருகிறோம். முதற்கதையில் வீரன், மருத்துவச்சி, கள்வன், படகோட்டி எனப் பாத்திரங்களைப் பங்கிட்டுக்கொண்டோம். ஒவ்வொரு பாத்திரத்தின் பிறப்பும் வளர்ப்பும் கற்ற கலையும் இரண்டிரண்டு பக்கங்களில் எழுதப்பட்டன. மூன்றாம் வாரம் மருத்துவச்சி பாழ்ங்கிணற்றில் வீழ்ந்தாள். வீரனாக ஆடிய பத்து வயதுச் சிறுவன், “நான் ஏன் இறங்க வேண்டும்? அவள் எனக்கு யார்?” என்று கேட்டான். எழுதிய எட்டுப் பக்கங்களிலும் அதற்கு விடை இல்லை.

ஆட்டங்களை வகுத்தோர் இக்கேள்வியை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். 2009இல் ஜேசன் மார்னிங்ஸ்டார் வெளியிட்ட ‘ஃபியாஸ்கோ’வில், அருகருகே அமர்ந்த இருவருக்கிடையே என்ன உறவு என்பதை முடிவு செய்த பின்னரே கதை தொடங்கும். 2012இல் வந்த ‘டஞ்சன் வேர்ல்டு’ ஆட்டத்தில், பாத்திரத் தாளிலேயே பிணைப்பைக் கூறும் வாக்கியங்கள் சில இருக்கும். விடுபட்ட இடத்தில் தோழர் ஒருவரின் பெயரை நிரப்ப வேண்டும்.

அவ்வழியே, அடுத்த கதைக்கு முன் நாம் ஒருவரையொருவர் வினவிக்கொண்டோம். யார் யாருக்குக் கடன்பட்டவர்? யாருடைய இரகசியம் யாரிடம் உள்ளது? அண்ணன், தம்பி என்று உறவுமுறை மட்டும் எழுதினால் போதாது என்பதைக் கண்டோம். தீராத கடன், நிறைவேறாத வாக்கு, தெளியாத ஐயம் என ஏதேனும் ஒன்று எஞ்சியிருத்தல் வேண்டும். அதுவும் இருவரும் மனமொப்பி ஏற்றதாக இருத்தல் வேண்டும். பிறர் பாத்திரத்தின்மேல் நாமே ஒரு பழியை ஏற்றுதல் முறையன்று. ஆளுக்கு ஓர் இழை போதும்; மிகுந்தால் சிக்கலே மிஞ்சும்.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் படகோட்டியாகவும், கல்லூரி மாணவன் ஒருவன் கள்வனாகவும் ஆடினர். ஓரிரவு காவலர் துரத்தியபோது, காரணம் கேளாமல் கள்வனைப் படகில் ஒளித்தவன் படகோட்டி என்பது அவர்கள் அமைத்த பிணைப்பு. பின்னொரு நாள் படகோட்டி சிறைப்பட்டான். கையில் பொன்முடிப்புடன் எல்லை கடந்திருந்த கள்வன் அதனை ஆற்றங்கரையில் எறிந்துவிட்டுத் திரும்பி வந்தான். அம்முடிவுக்கு எவரும் பகடை உருட்டவில்லை.

அவ்விருவரும் ஒரே மாடியில் இரண்டாண்டு வாழ்ந்தும் அதுவரை பேசியதில்லை. இன்று பெரியவரின் மூக்குக்கண்ணாடியைச் செப்பனிட எடுத்துச் செல்பவன் அம்மாணவனே. ஆட்டத்தால் மட்டுமே இது நேர்ந்தது என்று சாதிக்க மாட்டோம். ஆயினும், ஊர்விட்டு வந்த நாம் ஒவ்வொருவரும் நம் ஊர்க்கதையை நெஞ்சில் சுமந்திருக்கிறோம். அடுத்த வீட்டாரைப் பற்றிய ஒரு வரி அதில் உண்டா என்று கேட்க இவ்வாட்டம் கற்பித்தது.

மருத்துவச்சியாக ஆடும் அம்மையாரின் குடும்பம் பணிமாற்றம் பெற்று நாகபுரி செல்கிறது. வீரனுக்கு அவள் அளித்த வாக்கொன்று இன்னும் நிறைவேறவில்லை. அவ்வரியை அடிக்க வேண்டா என்று சிறுவன் கேட்டுக்கொண்டான். அப்படியே விட்டு வைத்திருக்கிறோம்.