மூன்றடி அகலம்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கென்று மெத்தை வாங்குவது அவள் கல்யாணத்துக்குத்தான். கட்டில், மெத்தை, பீரோ என்று சீர்வரிசையில் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். பாலித்தீன் உறை பிரிக்காத மெத்தை, ஊரே பார்க்கும்படி டெம்போவின் உச்சியில் போகும். ஆறேகால் அடிக்கு ஐந்தடி. அதில் எந்த ஓரம் அவளுக்கு என்பது போனபிறகுதான் தெரியும். அதற்கு முன்னால் அவளுக்குக் கோரைப்பாய். குழந்தை பிறந்து, மெத்தை நனைந்துவிடும் என்று கீழே இறங்கினால் மறுபடியும் பாய். பல வீடுகளில் மாதத்தில் மூன்று நாள் அந்தப் பாயும் தனி.

கெடாரில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு இலவம்பஞ்சு மெத்தை இருந்தது. பரண்மேல் சுருட்டிக் கட்டியிருக்கும். அத்தை வீட்டு மாமா வந்தால் இறங்கும். அவர் ஊருக்குப் போனதும் அம்மா அதை மல்லாட்டை காயப்போடும் களத்துக்குத் தூக்கிப்போய் வெயிலில் போடுவாள், கோலால் தட்டுவாள், உறையைத் துவைப்பாள், திரும்பச் சுருட்டி ஏற்றுவாள். அவள் அதில் படுத்து நான் பார்த்ததில்லை.

நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். நெடுநல்வாடை பாடம் எடுக்கும்போதெல்லாம் அரசியின் கட்டிலில் கொஞ்சம் நின்றுவிடுவேன். நாற்பது வயதுப் போர் யானையின் தந்தத்தில் செய்த கட்டில் அது. துணையோடு கூடிய அன்னங்களின் தூவி நிரப்பிய படுக்கை. அதன்மேல் போருக்குப் போன கணவனை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடக்கிறாள் அரசி. ஒருமுறை விடுதி மாணவி ஒருத்தி எழுந்து, "மேம், அவ்ளோ பெரிய கட்டில்ல தனியா படுக்கிறது நல்லாத்தானே இருக்கும்?" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள் என்று பிறகு சொன்னாள். அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. நம் அகப்பாடல்களில் படுக்கையில் தனித்திருக்கும் பெண் பெரும்பாலும் யாருக்காகவோ விழித்திருக்கிறாள். வேலை முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவளைத் தேடித்தான் பார்க்கவேண்டும். வர்ஜீனியா வூல்ஃப் 1929-இல் பெண்ணுக்குத் தனி அறை கேட்டார். அந்த அறையில் ஒரு படுக்கையும் வேண்டும் என்று என் மாணவி சேர்த்துக்கொள்கிறாள்.

விழுப்புரத்தில் தனியாக வீடெடுத்தபோது எனக்கு ஒற்றை மெத்தை வாங்கப்போனேன். "பையனுக்கா மேடம், ஹாஸ்டலுக்கா?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றேன். "அப்ப டபுளாவே எடுத்துக்குங்க, பின்னாடி உதவும்" என்றார். ஒற்றை மெத்தை என்றால் பிள்ளைக்கு, நோயாளிக்கு, விடுதிக்கு. நாற்பது தாண்டிய ஒரு பெண் தன் உடம்பின் அளவுக்கு வாங்குவாள் என்று அவர் கணக்கில் இல்லை. பக்கத்தில் ஓர் ஆணிடம் "படுத்துப் பாருங்க சார்" என்றவர், என்னிடம் "கையால அழுத்திப் பாருங்க மேடம்" என்றார். கையா தூங்கப்போகிறது? செருப்பைக் கழற்றிவிட்டுப் புடவையோடு ஏறிப் படுத்தேன். கடை கொஞ்சம் அமைதியானது. மல்லாந்து ஐந்து நிமிடம், ஒருக்களித்து ஐந்து நிமிடம். எழுந்து, வேண்டாம் என்று அடுத்த மெத்தைக்குப் போனேன்.

தோழிகளே, படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் சற்று அமுங்க வேண்டும், முதுகுத்தண்டு வளையாமல் நேராக நிற்க வேண்டும். இடுப்பு மட்டும் குழிக்குள் போனால் அந்த மெத்தை ஆகாது. ஒற்றை மெத்தை பொதுவாக மூன்றடி அகலம். நீளம் 72, 75, 78 அங்குலம் என்று வரும். கட்டிலின் உள்ளளவை எடுத்துக்கொண்டு போங்கள். ஃபோம் என்றால் அடர்த்தியைக் கேளுங்கள். கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்வார்கள். 32-க்குக் கீழே போனால் சீக்கிரம் குழிவிழும், 40 இருந்தால் நல்லது. ரப்பர் கலந்த தேங்காய்நார் மெத்தை கெட்டியாக, காற்றோட்டமாக இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் வெறுந்தரையில் போட்டால் பூசணம் பிடிக்கும்.

நான் கடைசியில் இலவம்பஞ்சுக்கே வந்தேன். போடிநாயக்கனூர்ப் பஞ்சு என்று சொல்லிப் பத்து கிலோ அடைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். இலவின் இழை உள்ளே குழல்போலக் காலியாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு. அதனால் எடை குறைவு, தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. ஒரு காலத்தில் கடலில் மிதக்கும் உயிர்காப்புச் சட்டைகளில் இதைத்தான் அடைத்தார்கள். தைப்பதற்கு முன் கைவிட்டு விதையும் தூசியும் இருக்கிறதா என்று பாருங்கள். பருத்திப் பஞ்சுபோல இதைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது, இழை ஒடிந்து தூளாகும். வெயில் போதும். இலவு காத்த கிளி ஏமாந்தது என்கிறோம். அது பழத்துக்காகக் காத்திருந்தது. பஞ்சுக்காகக் காத்திருந்தவர்கள் ஏமாறவில்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலை வெயிலில் போட்டு இருபக்கமும் புரட்டுங்கள். ஃபோம் மெத்தைக்கு இது பொருந்தாது. வெயில் அதைப் பழுப்பாக்கி உதிர்க்கும், நிழலில் காற்றாட வைத்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றுங்கள். பருத்தி உறை போடுங்கள், மாதம் ஒருமுறையாவது துவையுங்கள். இரத்தக்கறை பட்டால் பச்சைத் தண்ணீரில் உப்புக் கலந்து துணியால் ஒற்றி எடுங்கள். வெந்நீர் கூடாது, இரத்தத்திலுள்ள புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும். இதை எனக்கு வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை. கறையை மறைக்கத்தான் சொல்லித்தந்தார்கள். என் மெத்தையில் மங்கலாக ஒரு வட்டம் இருக்கிறது. மாடியில் அந்தப் பக்கம் மேலே தெரியும்படியும் காயப்போடுகிறேன்.

2019-இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அந்த 299 நிமிடத்துக்குள்தான் பாய் விரிப்பதும் சுருட்டுவதும் மெத்தை தட்டுவதும் இருக்கின்றன. அம்மா பகலில் படுத்தாலே "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். உடம்புக்கு வந்தால்தான் படுக்கலாம் என்பது எழுதாத சட்டம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை. தண்ணீர் வடிந்தபின் விழுப்புரத்துத் தெருக்களில் ஈர மெத்தைகள் சுவரில் சாய்ந்து நின்றன. சாக்கடை கலந்த நீரில் ஊறிய ஃபோமைத் தூக்கிப்போடுவதைத் தவிர வழியில்லை. கெடாரில் ஓடு ஒழுகிப் பரண் மெத்தையும் நனைந்திருந்தது. அம்மா தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்தாள். மூன்று நாள் புடவைக்கடியில் பரப்பிக் காயவைத்து, தூளானதைக் கழித்தோம். மிச்சத்தோடு புதுப்பஞ்சு கொஞ்சம் சேர்த்துத் தைக்கக் கொடுத்தோம்.

"என்ன அளவும்மா?" என்றார் தைப்பவர். பழையபடியே என்று சொல்வாள் என நினைத்தேன்.

"மூணடி போதும். ரொம்ப ஒசரமா வேணாம், நாலு இஞ்சு. முட்டி வலியோட எந்திரிக்கணும்."

"விருந்தாளி வந்தா?" என்று அண்ணன் கேட்டான்.

"அவங்களுக்குப் பாய் இருக்குதே" என்றாள் அம்மா.