ஒரு வாய் ரொட்டி

விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். அதனை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆயினும், நான் விருந்தினனாய் அமர்ந்து நாணிய கதையை இம்மலரில் கூற விழைகிறேன்.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில் கிர்கிஸ்தான் சென்றிருந்தேன். கோலாலம்பூரில் ஒரு பயிற்சியின்போது பழக்கமான கிர்கிஸ் நண்பர், கோடைக்காலத்தில் சோங்கோல் ஏரிக்கரையில் ஆடும் குதிரையும் மேய்க்கும் தம் தாய்மாமன் குடும்பத்தைக் காண என்னையும் அழைத்துச் சென்றார். அந்த ஏரி ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் கேமரன் மலையின் பிரிஞ்சாங் உச்சியைவிட ஆயிரம் மீட்டர் அதிகம்! ஆகஸ்டிலும் குளிர் எலும்பைத் துளைத்தது.

அவர்கள் வசிப்பது ஆட்டு உரோமக் கம்பளம் போர்த்திய வட்டக் கூடாரம். கூரையின் நடுவே புகை போக மரவளையம் ஒன்று உண்டு. அந்நாட்டுத் தேசியக் கொடியின் நடுவில் இருப்பதும் அவ்வளையமே. உள்ளே நுழைந்ததும், "அபா!" என்று நண்பர் உரக்க அழைத்தார். யாரோ அப்பா வருகிறார் என்று நான் வாசலைப் பார்த்தேன். வந்தவரோ அவருடைய பாட்டி! அவர்கள் மொழியில் 'அபா' என்பது தாயையும் வயது முதிர்ந்த பெண்களையும் அழைக்கும் சொல்லாம்.

வாசலுக்கு நேர் எதிரே உள்ள இடமே மதிப்பிற்குரியோர் அமரும் இடம். என்னை அங்கே அமர்த்தி, கையில் நீர் வார்த்தனர். துணி விரித்து ரொட்டி, பாலேடு, எண்ணெயில் பொரித்த 'போர்சோக்', புளித்த குதிரைப் பால் ஆகியவற்றைப் பரப்பினர். குதிரைப் பால் புகை மணம் கமழும் புளித்த மோர் போலிருந்தது. இரண்டாம் கிண்ணத்திற்குத்தான் துணிவு வரவில்லை.

பாட்டி தேநீரைக் கிண்ணத்தில் பாதிகூட ஊற்றவில்லை. 'இத்துணை சிக்கனமா?' என்று எண்ணிவிட்டேன். நண்பரிடம் மெல்லக் கேட்டபோது அவர் சிரித்தார். குறைவாக ஊற்றினால்தான் விருந்தினர் மீண்டும் மீண்டும் கேட்பார், நெடுநேரம் இருப்பார், தேநீரும் ஆறாது. கிண்ணம் நிறைய ஊற்றினால், 'குடித்துவிட்டுப் புறப்படலாம்' என்று பொருளாகிவிடுமாம். நான் நாணித் தலைகுனிந்தேன். அன்று அக்கிண்ணம் எத்தனை முறை நிரம்பியதோ!

இரவில் எங்களுக்காக ஆடு ஒன்றை அறுத்தனர். எந்த எலும்புத் துண்டு எவருக்கு என்பதற்கு வயது, உறவு பார்த்து முறை வகுத்துள்ளனர். ஆட்டுத் தலை என் முன் வந்தது. நான் அதனை இரு கைகளாலும் தாத்தாவிடம் நீட்டினேன். அவர் முகம் மலர்ந்து, காதை அறுத்துச் சிறுவனிடம் கொடுத்தார். அதனைத் தின்றபடியே அவன் என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, மழைக்கு முன் மலைப்பாதையைக் கடக்க வேண்டுமென்று விரைந்தோம். அடுத்த கூடாரத்து மூதாட்டி ஒருவர் ரொட்டியுடன் கார் அருகே ஓடி வந்தார். "நேரமில்லை" என்று நான் கையசைத்தேன். நண்பரோ காரை நிறுத்திவிட்டார்.

"'ஓஸ் தி' என்கிறார். வாயில் பட்டால் போதும் என்று பொருள். வீட்டைக் கடந்து போகிறவர் ஒரு துண்டு ரொட்டியாவது சுவைக்காமல் போகக்கூடாது," என்றார்.

ஒரு துண்டு பிய்த்து வாயிலிட்டேன். அது தொண்டையில் இறங்க மறுத்தது. மூன்று திங்களுக்கு முன், தோட்டத்து வீட்டு வாசலில் காப்பிக் குவளையுடன் நின்ற என் அன்னையின் முகம் கண்முன் வந்தது. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கை அது. "ஒரு வாயாவது குடித்துவிட்டுப் போப்பா," என்று அவர் கேட்க, காரை நிறுத்தாமலே, "நேரமாகிறதம்மா," என்று சொல்லிப் போனவன் நான்.

தாயகம் திரும்பியதும், பெட்டியைக்கூட வீட்டில் இறக்காமல் நேரே தோட்டத்திற்குச் சென்றேன்.

"என்னப்பா, திடீரென்று?" என்று அன்னை பதறினார்.

"காப்பி குடிக்க வந்தேனம்மா," என்றேன்.

அவர் ஒன்றும் கூறாமல் அடுப்பைப் பற்றவைத்தார்.