முன்தோல் இறுக்கம்: கிரீம் போடும் நாள்களில் தாம்பத்யம் கூடுமா?

கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையில் இருக்கிறது கச்சிராயபாளையம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இப்படியான ஊர்களில், மெடிக்கல் ஷாப்பில் நின்று சில விஷயங்களை வாய்விட்டுச் சொல்ல முடியாது. புதிதாகக் கல்யாணமான ஓர் இளைஞருக்கு, ஆணுறுப்பின் முன்தோல் பின்னால் நகராமல் இறுகி, உறவின்போது வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் சொந்தக்காரராக இருப்பார். இல்லையென்றால் கூடப் படித்தவராக இருப்பார். 'அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டில் அவர் விலகி விலகிப் படுப்பதைப் பார்த்து, 'என்னைப் பிடிக்கலையோ' என்று மனைவி கலங்குவார்.

இதற்குப் பெயர் ஃபைமோசிஸ். சிறுவயதில் இது இயல்பு. வளர்ந்த பிறகும் இறுக்கம் இருந்து வலித்தால், சிகிச்சை உண்டு. பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கிரீமை, இறுகிய வளையத்தில் மெல்லிசாகப் பூசச் சொல்வார்கள் டாக்டர்கள். பொதுவாக 4 முதல் 8 வாரங்கள். கூடவே, வலிக்காத அளவுக்குத் தோலை மெதுவாகப் பின்னால் நகர்த்திப் பழக வேண்டும். பலருக்கு இதுவே போதும், கத்தி தேவைப்படாது.

ஆனால், 'அரிப்பு கிரீம்' வேறு. அதில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், வீரியமான ஸ்டீராய்டு எல்லாம் கலந்திருக்கலாம். பூஞ்சைத் தொற்றோ ஹெர்பிஸோ இருந்தால், ஸ்டீராய்டு அதை மறைத்து வளர்த்துவிடும். 2018-ல் பல ஸ்டீராய்டு கிரீம்களை மத்திய அரசு மருந்துச்சீட்டுக் கட்டாயப் பட்டியலுக்குள் கொண்டுவந்ததும் இப்படியான தவறான பயன்பாட்டால்தான்.

சரி, கிரீம் போடும் நாள்களில் உறவு கூடுமா? வலியோ வெடிப்போ இல்லையென்றால் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் சில விஷயங்களில் கவனம் வேண்டும்.

* உறவுக்கு முன்பு பூச வேண்டாம். மருந்து துணையின் உடலில் ஒட்டும். முன்பே பூசியிருந்தால் கழுவிவிடுங்கள். முடிந்த பிறகு சுத்தம் செய்து பூசலாம்.

* கிரீமில் உள்ள பாரஃபின், எண்ணெய் போன்றவை லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். வழவழப்பு வேண்டுமென்றால் தண்ணீர் சார்ந்த ஜெல் நல்லது.

* தோல் வெடித்து ரத்தம் வந்தால், ஆறும்வரை உறவு வேண்டாம். அந்த வெடிப்பு வழியே தொற்று எளிதாக நுழையும்.

* பின்னால் நகர்த்திய தோலை உடனே முன்னால் கொண்டுவாருங்கள். மாட்டிக்கொண்டு வீங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

இதுவரை சரியாக இருந்த தோல் திடீரென இறுகினால் ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரைநோய் சிலருக்கு இப்படித்தான் தெரியவரும். வெள்ளைத் திட்டுகள், தழும்பு தெரிந்தாலும் டாக்டர் பார்க்க வேண்டும். கிரீமுக்குக் கேட்காதவர்களுக்கு முன்தோல் நீக்கும் சிறிய அறுவை சிகிச்சை இருக்கிறது.

உள்ளூரில் கூச்சமாக இருந்தால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட தமிழகத்தின் 11 புதிய மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. பஸ் ஏறுவதற்கு முன் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வலி உங்களுக்கு என்றாலும், காரணம் தெரியாமல் தவிப்பது அவர்தான்.