பானெட்டின் அடிப்பக்கம்

எங்கள் பழைய காரின் இரும்பு பானெட் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும், ஃபைபர்கிளாஸ் பானெட் வாங்கும்படி வாப்பா சொன்னார்கள். அது துருப்பிடிக்காது; எடையும் குறைவு. “மேலே உள்ள பளபளப்பைப் பார்க்காதே, கவிழ்த்துப் பார்” என்றும் சொன்னார்கள்.

கவிழ்த்துப் பார்த்தபோது வேறுபாடு விளங்கியது. ஒன்று வெறும் மேலோடு. மற்றொன்றில் அடிச்சட்டம் இருந்தது. கீலும் பூட்டும் பொருந்தும் இடங்களில் இரும்புத் தகடும் பதிக்கப்பட்டிருந்தது. விலை கூடுதலாயினும் அதையே தேர்ந்தோம். ஓடும் வண்டியில் பானெட் காற்றில் திறந்துகொண்டால் முன்கண்ணாடியை மறைத்துவிடும். உள்ளிருக்கும் குடும்பத்தோடு, எதிரே வருவோரும் ஆபத்தில் சிக்குவர்.

பெயின்ட் அடிக்குமுன்பே பொருத்திப் பார்த்தோம். அடித்தபின் கடையில் திரும்பப் பெறமாட்டார்கள். இடைவெளி சீராகும்வரை மெக்கானிக் ஓரங்களைத் தேய்த்தார். கண்ணாடியிழைத் தூள் மூச்சுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் அணிந்து, நீர் விட்டே தேய்த்தார். இரும்பின் எடைக்கென அமைந்த கீல் ஸ்பிரிங்குகள் இலேசான பானெட்டை வளைத்து விரிசல் விழச் செய்யும். ஆகவே அவற்றையும் மாற்றினோம். பூட்டு போதாதென்று இருபுறமும் பாதுகாப்புப் பின்கள் வைத்தோம்.

நாளை இவ்வண்டியை விற்க நேர்ந்தால், பானெட் மாற்றப்பட்டதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லியாக வேண்டும். உள்ளதை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதன்று.