ஆளில்லா மன்றம்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலே, அலைகடலை நோக்கி நிமிர்ந்து நிற்கிறது 'மேரி' கட்டடம். மேயரின் அலுவலகம் என்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். 2014 நவம்பர் மழையிலே பழைய கட்டடம் சரிந்து மண்ணோடு மண்ணாயிற்று. பல கோடி செலவிட்டு, பழைய வடிவிலேயே எழுப்பி, 2021 இல் திறந்தனர். தூண்களைக் காண்கிறோம், வளைவுகளைக் காண்கிறோம், மாலையிலே உலாவ வருவோர் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வதையும் காண்கிறோம். காணாதது ஒன்றே ஒன்று: மக்கள் தேர்ந்தெடுத்த நகரமன்றம்!

கதையல்ல, தோழர்களே, கணக்கைப் பாருங்கள். 1968 இல் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006 இல். இடையிலே ஓடியவை முப்பத்தெட்டு ஆண்டுகள்! இருபத்தொரு வயதிலே முதல் வாக்கைப் போட்டவன் மறுவாக்கைப் போடும்போது அறுபதை நெருங்கியிருப்பான். அன்று தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011 இல் முடிந்தது. 2021 இல் நாள் குறித்தார்கள்; வார்டு ஒதுக்கீட்டுச் சிக்கல் உயர்நீதிமன்றப் படி ஏறிற்று; குறித்த நாள் வந்தது, தேர்தல் வரவில்லை.

இந்த ஊருக்குச் சமத்துவம் புதிய பாடமல்ல. பாடம் கற்பித்தவரும் உண்டு; பாடத்தைத் தடுத்தவரும் உண்டு. 1745 இல் சம்பா கோயிலிலே, 'தீண்டப்படாதார்' எனப்பட்ட கிறித்தவரைப் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டதையும், அது கண்டு சாதிக் கிறித்தவர் சினந்தெழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பிலே எழுதிவைத்தார். 1873 இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர்போல் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்தார். இந்தியன் காலிலே அதுவா என்று வெகுண்டு வெளியேற்றினார் நீதிபதி. வழக்கைப் பாரிசுக்கே கொண்டு சென்று வென்றார் அவர். ஒரு சோடிக் காலணிக்குக் கடல்கடந்த வழக்கா என்று இன்று நகைப்போர் நகைக்கட்டும். காலுக்கு மறுக்கப்படுவது நாளை நாவுக்கும் மறுக்கப்படும் என்பதை அறிந்தவர் அவர்.

சாதி, சமயம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம் என்றது 1881 ஆம் ஆண்டின் ஆணை. சாதியின் பிடி தளரும் என்று நம்பிப் புதுக் குடும்பப்பெயர் சூடிக்கொண்டோர் பலர். கிடைத்தது என்ன? மூன்றே ஆண்டுகளில், 1884 இல், வாக்காளரை மூன்று பட்டியலாகப் பிரித்துவிட்டனர்! ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தோருக்கு ஒன்று, ஏனைய இந்தியருக்கு ஒன்று. கையளவுக் கூட்டமான ஐரோப்பியருக்குத் தலையெண்ணிக்கைக்குப் பொருந்தாத இடங்கள். 1899 இல் மூன்று இரண்டாயிற்று. பட்டியல் பேதம் ஒழிய இரண்டாம் உலகப்போர் முடிய வேண்டியிருந்தது. பெண்ணுக்கு வாக்கு வந்ததும் அதன் பிறகே. தடியரை ஏவி வாக்குச்சாவடியைப் பிடிக்கும் கலையிலும் இவ்வூர் பேர் பெற்றது என்பதை மறைத்துப் பயனில்லை. எனினும், 1880 முதலே நகராட்சி மன்றம் கண்ட மண் இது!

நாம் குடியிருப்பது பெரிய வாய்க்காலுக்கு மேற்கே. கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று அன்று அந்த வாய்க்கால்தான் எல்லைக்கோடு. மழைநாளிலே நம் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் மனு எழுதிக்கொண்டு புறப்படுகிறோம். ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் காட்டும். அது மீண்டும் முதல் அலுவலகத்தையே காட்டும். தண்ணீர் மட்டும் யாரையும் கேளாமல் வீட்டுக்குள் வரும்.

2006 இல் நம் பகுதியின் ஒதுக்கீட்டு இடத்திலே வென்றவர், வீட்டுவேலை செய்து பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய். முதல் சில திங்கள் அவருக்காகக் கணவரே பேசினார். அதைக் கேலி செய்யாதவர் தெருவிலே இல்லை. அலுவலகம் சென்றபோது எழுத்தர் நிமிராமலே, "என்னம்மா வேணும்? வெளியே உட்காரு" என்றாராம். ஓராண்டு கழிந்தது. அதே எழுத்தர் எழுந்து நின்று, "உறுப்பினரம்மா, உட்காருங்க" என்றார். நாம் உடனிருந்து கண்டோம். விளக்கு எரியவில்லையா? விடியுமுன் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். "அக்கா" என்றழைத்தால் போதும். 2011 க்குப் பிறகு அந்தக் கதவு இருக்கிறது. அதைத் தட்டிப் பயனில்லை.

"சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறாரே, வார்டு உறுப்பினர் எதற்கு?" என்பர் சிலர். இங்கே தொகுதி சிறிது. சராசரியாகச் சுமார் 33,000 வாக்காளர்தான். ஆகவே சாக்கடைக்கும் அவரே, சாலை விளக்குக்கும் அவரே. நன்றி முழுதும் ஒருவருக்கே சேரும்போது அதைப் பங்குபோட யாருக்கு மனம் வரும்? கட்சி எதுவாயினும் இதில் வேறுபாடு கண்டோமில்லை. ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலிலே 30 இடங்களில் வென்ற பெண் எத்தனை பேர்? ஒருவர்! உள்ளாட்சியிலோ மூன்றில் ஓரிடம் பெண்ணுக்கு என்கிறது அரசியல் சட்டம். தாழ்த்தப்பட்டோருக்கும் பங்கு உண்டு என்கிறது. தேர்தலே இல்லையேல் எதிலே மூன்றில் ஒன்று? 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயர்ப்பலகையிலே பிரெஞ்சுச் சொல்லைக் காத்தோம். உள்ளே உட்காரவேண்டியவரைக் கைவிட்டோம்.

ஒன்றை நினைவூட்டுகிறோம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரிலே கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தோர் 178 பேர். 170 பேர் இணைவோம் என்றனர். 8 பேர் மறுத்தனர். யார் அந்த 178 பேர்? சட்டமன்றத்தாரோடு, ஊர் ஊராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்ற உறுப்பினர்கள்! இந்த மண்ணின் தலைவிதியையே எழுதிய கை அவர்களுடையது. சட்டப்படியான இணைப்பு நிறைவேறிய ஆகஸ்ட் 16 ஆம் நாளை ஆண்டுதோறும் கீழூரிலே கொண்டாடுகின்றனர். அடுத்த விழாவுக்கு நாமும் செல்லவிருக்கிறோம், தெருக்காரர் கையொப்பமிட்ட தாளோடு. அதிலே ஒரே கேள்வி: எங்கள் வார்டுக்குத் தேர்தல் நாள் எது?