முதலில் கேட்க வேண்டியது

மனநல ஆலோசனை என்னும் தொழிலை ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் செய்கிறவர்களுக்கு, ஒருவருடைய துக்கத்தின் காரணத்தை அவருடைய உள்ளத்துக்குள் மாத்திரம் தேடிக்கொண்டிருப்பது வியர்த்தமான பிரயாசை என்பது வெகு சீக்கிரத்தில் புலப்பட்டுவிடும். சிப்காட் ஆலைகளின் ஷிப்டுக்குத் தகுந்தபடி விழிப்பும் உறக்கமும் அமைந்துவிட்ட ஊர் இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கிற எல்லைப்புறம். வேலை தேடி வருகிற ஜனங்களோடு, பிறந்த வீட்டில் இருக்க முடியாமற்போன திருநங்கையரும் திருநம்பியரும் இங்கே வந்து சேருகிறார்கள். தூக்கமில்லை என்றோ, நெஞ்சு படபடக்கிறது என்றோ, உயிரோடிருந்து என்ன பயன் என்றோ சொல்லிக்கொண்டு அவர்கள் என் அறைக்குள் வரும்போது, அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் அண்ணன் கையால் வாங்கிய அடியும், வாடகைக்கு இடமில்லை என்று சாத்தப்பட்ட கதவும், பஸ் நிலையத்தில் காது கூசக் கேட்ட பேச்சும் இருக்கின்றன.

தன் பாலினத்தைப் பற்றி ஒருவருக்குள்ள உணர்வையே வியாதியாகக் கருதிய பாடநூல்களைப் படித்துத்தான் என் தலைமுறையினர் இத்தொழிலுக்கு வந்தோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, அதை மனோவியாதிகளின் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆயினும், "எப்போதிருந்து இப்படி?" என்ற கேள்வி இன்னமும் பலருடைய நாவின் நுனியில் நிற்கிறது, வந்தவரோ அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர். நான் முதலில் கேட்பது, "இன்னைக்கு ராத்திரி எங்கே படுப்பீங்க?" என்பதே. வீட்டில் என்று பதில் வந்தால், அந்த அறைக்கு உட்புறத் தாழ்ப்பாள் உண்டா என்று கேட்க வேண்டும்; விடுதியில் என்றால், கூடத் தங்கியிருப்பவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று; திருநங்கையரின் குழுவான ஜமாத்தில் குருவின் வீட்டில் என்றால், அங்கே கொடுக்க வேண்டிய பணம் ஏதும் பாக்கி நின்று அதனால் சண்டை உண்டா என்று. பதில் சொல்லாமல் தரையைப் பார்க்கிறவரிடம் மற்றக் கேள்விகள் யாவற்றையும் மறுநாளைக்கு ஒத்திவைத்துவிட்டு, தங்க இடம் தேடித் தொலைபேசியை எடுக்க வேண்டும். அடி விழப்போகிற இடத்துக்கே ஒருவர் திரும்பிப் போக இருக்கையில், அவருடைய பால்யத்தைப் பற்றி ஒரு மணி நேரம் விசாரித்துக்கொண்டிருப்பது சிகிச்சையாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஒரு திருநம்பியின் விஷயத்தை, ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றிச் சொல்கிறேன். மின்னணுப் பொருள்கள் செய்யும் ஆலையொன்றில் வேலை. தங்கல் பெண்கள் விடுதியில். ஷிப்டின் பின்பாதியில் மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது என்று சிலமுறை மயங்கி விழுந்து, பதற்றத்துக்கான மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேசுகையில், அவர் மூச்சை அடிவயிறு வரை இழுக்காமல் மேல்மார்பிலேயே வாங்கி விடுவதையும், நாற்காலியில் சாயாமல் விறைத்து உட்கார்ந்திருப்பதையும் கவனித்தேன். மார்பு தெரியாதிருக்கும்பொருட்டு கிரேப் பாண்டேஜை இரண்டு சுற்று இறுக்கிக் கட்டி, அதன்மேல் ஆலையின் கோட்டை அணிந்து, ஷிப்ட் முழுவதும் நின்று வேலை செய்து, விடுதியில் மற்றவர் முன் அவிழ்க்கக் கூசி இரவும் அதோடே உறங்கி வந்திருந்தார். விலாப்புறத்தில் தோல் புண்ணாகியிருந்ததை நர்ஸ் பார்த்துச் சொன்னார். பாண்டேஜை விட்டு அளவான இறுக்க உள்ளாடைக்கு மாறவும், உறங்கும்போது அதைக் கழற்றிவிடவும் ஏற்பாடு செய்ததில் மயக்கம் பெரும்பாலும் நின்றது. எஞ்சியது, ஊரிலிருந்து மாமன் வந்து கல்யாணத்துக்கு இழுத்துப் போவான் என்ற நியாயமான பயம். இப்படிப்பட்டவர்களின் கேஸ் ஷீட்டில், இ.எஸ்.ஐ. அட்டையிலுள்ள பெயரை அதற்குரிய கட்டத்தில் எழுதி, மேலே அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரையும் எழுதுகிறேன். காத்திருப்போர் கூடத்தில் எந்தப் பெயரைச் சொல்லி அழைப்பது என்பதை மாத்திரம் அவரையே கேட்டுக்கொள்ள வேண்டும். கூட வந்த உறவினருக்கு அந்த இரண்டாம் பெயர் தெரியாதிருக்கலாம், தெரிந்தால் அன்றே அடி விழலாம்.

பெற்றோரோடு பேசுவதே இத்தொழிலின் கடினமான பகுதி. "மந்திரிச்சோம் மேடம், தாயத்தும் கட்டினோம், ஒண்ணும் கேக்கல. பெரிய ஆஸ்பத்திரில ஊசி போட்டா மாறிடும்னாங்க" என்று ஒரு தாய் சொல்லும்போது, அப்படிப்பட்ட ஊசி உலகத்தில் கிடையாது என்பதைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் மாற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அவற்றைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. தீர்ப்பைக் காட்டிலும் அதற்கு முன் அந்த நீதிபதி செய்த காரியமே என் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. இவ்விஷயம் தமக்குப் பூரணமாக விளங்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் வித்யா தினகரனிடம் நேரம் கேட்டு, அவர்முன் மாணாக்கரைப்போல் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பை எழுதினார். தாய்மாரிடம் இதை நான் சொல்வதுண்டு. "ஜட்ஜே போய்க் கத்துக்கிட்டாரா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருப்பவர்கள், அதன்பின் தங்கள் உண்மையான பயத்தைச் சொல்வார்கள்: எனக்கப்புறம் இந்தப் பிள்ளைக்குச் சோறு போட யார்? அது பிள்ளையின்மேல் உள்ள வெறுப்பில்லை. அதற்குப் பதிலாக வேலை, வங்கிக் கணக்கு, வாடகை என்று காரியமாகப் பேசலாம்.

கடைகளில் காசு கேட்டும் இரவில் நெடுஞ்சாலையோரத்தில் நின்றும் பிழைக்கிற திருநங்கையரிடம் இந்தப் பேச்சு எடுபடாது. அவர்கள் கேட்பது வேறு: "புகார் கொடுத்தா என்னக்கா ஆகும்?" பொய்யான தைரியம் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. சென்னையில் போலீஸ் துன்புறுத்தல் தாளாமல் தீக்குளித்து இறந்த ஒருவருக்காக அவர் சகோதரி வழக்காடி, 2007-இல் உயர் நீதிமன்றம் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு அளிக்க உத்தரவிட்டது அவர்களில் மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் திருநர் சட்டம் அவர்கள்மேல் நிகழும் பாலியல் கொடுமைக்கு விதித்தது ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. ஒரு பெண்மேல் நிகழ்ந்த பலாத்காரத்துக்கோ குறைந்தபட்சமே பத்து ஆண்டு. இந்த அநீதியை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான், காயத்தை அன்றே அரசு ஆஸ்பத்திரியில் பதிவு செய்து, அந்த ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டின் நகல் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வழக்குப் போட்டு ஜெயித்து, 2017-இல் தர்மபுரியில் உதவி ஆய்வாளராகப் பணியேற்ற பிரித்திகா யாஷினியைப் பற்றிப் பேச்சு வந்தால் மாத்திரம் அவர்கள் முகத்தில் தனித்த பிரகாசம் வரும்.

கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைக் கடந்தால் சட்டத்தின் முகமும் மாறுகிறது. திருநருக்கென நல வாரியத்தை 2008-இலேயே அமைத்தது தமிழ்நாடு. அரசு வேலையில் ஒரு சதவீதத்தை 2021-இல் ஒதுக்கியது கர்நாடகம். இங்கே அவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்ததோடு நிறுத்தியிருந்தார்கள். கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டுமென்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அரசு வேலைக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு ஆலைகளே கதி. ஆகவே, வேலைக்குச் சேருகிறவர் விரும்பினால், ஆலையின் மனிதவள அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். அதில் வியாதியின் பெயர் எதுவும் இராது. அடையாள அட்டையில் எந்தப் பெயர், எந்தக் கழிப்பறை, எந்த விடுதியில் அறை, ஷிப்ட் பஸ்ஸில் கேலியோ தொந்தரவோ நேர்ந்தால் எந்த அதிகாரியிடம் சொல்வது என்பவற்றை மாத்திரம் கேட்டு, பதிலை எழுத்தில் தரும்படி கோருகிறேன்.