முன்னேஸ்வரத்துக்கு ஒரு மைல்

சிலாபம் கடந்து குருநாகல் வீதியில் திரும்பினோம். முன்னேஸ்வரத்துக்கு இன்னும் ஒரு மைல். எஞ்சின் குலுங்கிற்று, மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னிற்று.

"உச்சிக்காலப் பூசைக்குச் சேருவோமா, தம்பி?" என்றார் அம்மா. அவ்விளக்கு மின்ன ஓட்டினால் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி வெந்து கெடும், நிறுத்திவிட்டேன்.

பக்கத்துக் கராஜ்காரர் பழுதுக் குறியீட்டை வாசிக்கும் கருவியுடன் வந்தார். அதைச் செருகும் வாயைத்தான் காணோம். 1996 முதல் அமெரிக்காவில் புதுக் கார்களுக்கெல்லாம் கட்டாயமான 16 முனை வாய் அது. மூடியிருப்பினும் கையாலேயே திறக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. நான் திருப்புளியை நீட்டினேன்.

"வேண்டாம் ஐயா, கொளுக்கி முறியும்" என்று, முழங்காலருகே இருந்த சிறு மூடியை நகத்தால் நெம்பினார். பி0301: முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பிளக்கில் கரி, புதிதைப் பூட்டினார்.

போர்த்துக்கேயர் இருமுறை இடித்தும் மீண்டெழுந்த கோயிலை அடைந்தபோது மணி ஒலித்துக்கொண்டிருந்தது.